பூமியின் வயதைச் சொன்ன காரீயம்

ஏரித் தண்ணீர் கலங்கலாக வரும் நாட்களில் எங்கள் ஊரில் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை நாலு இழைப்பு இழைப்பார்கள். இரவு முழுக்க அசையாமல் வைத்தால் காலையில் சேறு அடியில் படிந்திருக்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். பானையை யாரும் தட்டிவிடக்கூடாது, அவ்வளவுதான். பூமியின் உள்ளமைப்பைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அந்தப் பானைதான் நினைவுக்கு வந்தது. நம் கோளும் ஒரு காலத்தில் கலங்கிக் கிடந்து, பிறகு தெளிந்ததுதான்.

சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன் வாயுவும் தூசியும் கலந்த ஒரு பெரிய மேகம் தன் எடையாலேயே சுருங்கி, நடுவில் சூரியன் பற்றிக்கொண்டது. மிச்சத் தூசி அதைச் சுற்றித் தட்டையாகச் சுழன்றது. தூசியோடு தூசி ஒட்டிக் கூழாங்கல்லாகி, பாறையாகி, மலையளவு வளர்ந்து, மலைகள் ஒன்றோடொன்று மோதிக் கோள்களாயின. அந்த மோதல்களின் சூடும், உள்ளே சிதைந்துகொண்டிருந்த கதிரியக்கத் தனிமங்களின் சூடும் சேர்ந்து இளம் பூமியை உருக்கிவிட்டன. உருகிய குழம்பில் கனமான இரும்பு சேறு படிவதுபோல் நடுவை நோக்கி இறங்கியது. தனக்கு இணக்கமான நிக்கலையும், தங்கம் பிளாட்டினத்தில் பெரும்பகுதியையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது. இந்தப் பூமியிலுள்ள தங்கத்தில் பெரும்பாலானது எந்தச் சுரங்கமும் எட்டாத ஆழத்தில் கிடப்பதற்குக் காரணம் இதுதான். சிலிக்காவும் அலுமினியமும் கலந்த லேசான பொருள்கள் மேலே மிதந்தன. செவ்வாய் அளவுள்ள இன்னொரு கோள் வந்து மோதி, சிதறியதிலிருந்து நிலா பிறந்ததும் இந்தக் கொந்தளிப்பான காலத்தில்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இன்று பூமியின் நடுவில் ஏறத்தாழ 1,220 கிலோமீட்டர் ஆரமுள்ள திடமான உட்கரு இருக்கிறது. அதைச் சுற்றி உருகிய இரும்பாலான வெளிக்கரு. தரையிலிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர் இறங்கினால்தான் அதன் விளிம்பு வரும். அந்த உருகிய இரும்பின் ஓட்டமே பூமிக்குக் காந்தப்புலத்தைத் தருகிறது. அதற்கு மேல் கவசம் என்னும் தடித்த பாறைப் பகுதி. எல்லாவற்றுக்கும் மேலே, நாம் நிற்கும் மேலோடு. கடலடியில் அதன் கனம் ஏழெட்டு கிலோமீட்டர், கண்டங்களுக்குக் கீழே முப்பது நாற்பது, இமயமலைக்கு அடியில் எழுபது வரை. 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள பந்துக்கு இது ஆப்பிளின் தோல் மாதிரி.

யாரும் அங்கே போய்ப் பார்த்ததில்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-ல் தோண்டத் தொடங்கிய ஆழ்துளை 12,262 மீட்டரோடு நின்றுவிட்டது. மேலோட்டைக்கூட அது தாண்டவில்லை. உள்ளமைப்பைச் சொன்னவை நிலநடுக்க அலைகள்தாம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம், 1897-ல் அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தின் பதிவுகளில் வெவ்வேறு வகை அலைகளைப் பிரித்தறிந்தார். 1906-ல், பூமியின் நடுவில் தனியான ஒரு கரு இருப்பதை அலைகளின் தாமதத்திலிருந்து காட்டினார். அந்தக் கருவுக்குள் இன்னொரு கரு இருப்பதை 1936-ல் டென்மார்க்கின் இங்கே லேமன் கண்டுபிடித்தார். வைத்தியர் நெஞ்சில் விரல் வைத்துத் தட்டி, ஓசையைக் கேட்டு உள்ளே இருப்பதைச் சொல்வதுபோன்ற வேலை அது.

இந்த அடுக்குகளில் காரீயம் எங்கே போயிற்று? இங்கே நம் மொழியில் ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். பேட்டரியிலும் துப்பாக்கிக் குண்டிலும் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். ஆனால் பேச்சில் இரண்டையும் ஈயம் என்றே சொல்கிறோம். விலை மலிவு என்பதற்காக வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து செய்த சொம்பில் புளிப்பான ரசம் கொதித்தால் அந்த நஞ்சு கரைந்து இறங்கும். பாட்டி காலத்துச் சொம்பானாலும் புதிதாக வாங்குவதானாலும் சோதித்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

மேலோட்டில் காரீயத்தின் பங்கு லட்சத்தில் ஒன்று, ஒன்றரை என்ற அளவில்தான். அதுவும் பாறைக்குள் சிதறியோ, கந்தகத்தோடு பிணைந்து கலீனா என்ற கனத்த கனிமமாக நரம்புபோல் ஓடியோ கிடக்கிறது. நீரில் எளிதில் கரையாது, காற்றில் பறக்காது. உயிர்கள் தோன்றி வளர்ந்த இத்தனை கோடி ஆண்டுகளும் அது பெரும்பாலும் பாறைக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. நம் உடலில் காரீயத்துக்கென்று ஒரு வேலையும் இல்லாததற்கு இதையே காரணமாகக் கொள்கிறேன். பழக்கமில்லாத விருந்தாளி அது.

பூமி எப்போது பிறந்தது என்பதைச் சொன்னதும் இந்தக் காரீயம்தான்.

யுரேனியம் தானாகவே சிதைந்து கடைசியில் காரீயமாக மாறும். அதில் இரண்டு வகை உண்டு. யுரேனியம்-238-ல் பாதி சிதைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். அது காரீயம்-206 ஆகிறது. யுரேனியம்-235-ல் பாதி சிதைய ஏறக்குறைய 70 கோடி ஆண்டுகள். அது காரீயம்-207 ஆகிறது. வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்களை ஒரே கல்லுக்குள் வைத்தது மாதிரி. ஒன்று தப்பு சொன்னால் மற்றொன்று காட்டிக்கொடுத்துவிடும். காரீயம்-204 மட்டும் எதிலிருந்தும் பிறப்பதில்லை. ஆதியில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் இன்றும், ஆகவே அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பூமியின் வயதைப் பூமியின் பாறையில் நேரடியாக அளக்க முடியாது. நம் கோள் தன் மேலோட்டைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுத்து உருக்கிப் புதுப்பிக்கிறது. பிறந்த நாளன்று இருந்த பாறை ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆஸ்திரேலியாவின் ஜாக் மலைகளில் கிடைத்த, சுமார் 440 கோடி ஆண்டு வயதுள்ள சிர்கான் மணிகள்தாம் நமக்குக் கிடைத்த மிகப் பழைய துண்டுகள். கடிகாரம் ஓடத் தொடங்கியபோது முள் எங்கே நின்றது என்று தெரியாவிட்டால் மணி சொல்வது எப்படி?

1948-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த கிளேர் பேட்டர்சனிடம் அவருடைய ஆசிரியர் ஹாரிசன் பிரவுன் இந்தக் கேள்வியைக் கொடுத்தார். முதலில் குண்டூசித் தலையளவுகூட இல்லாத சிர்கான் மணிகளிலுள்ள காரீயத்தை அளக்கப் பழக வேண்டும். பிறகு விண்கல்லில் அளக்க வேண்டும். இரும்பு விண்கற்களுக்குள் ட்ராய்லைட் என்ற இரும்புச் சல்ஃபைடு இருக்கும். அதில் காரீயம் உண்டு. யுரேனியம் கிட்டத்தட்ட இல்லை. யுரேனியம் இல்லாவிட்டால் புதிய காரீயம் பிறக்காது. சூரியக் குடும்பம் பிறந்த நாளில் காரீயம் எந்தக் கலவையில் இருந்ததோ அதே கலவை மாறாமல் அங்கே பத்திரமாக இருக்கும். நின்றுபோன கடிகாரம், முள் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

அந்த இரும்பு விண்கற்கள் எங்கிருந்து வந்தவை என்பதும் சுவையான சேதி. நம் பூமியைப் போலவே உருகி, இரும்பை நடுவில் இறக்கி, பிறகு மோதலில் உடைந்துபோன குறுங்கோள்களின் கருக்களே அவற்றில் பெரும்பாலானவை. நம் கருவை நாம் ஒருநாளும் தொடப்போவதில்லை. ஆனால் உடைந்துபோன ஒரு சிறு கோளின் இரும்பை அரிசோனா பாலைவனத்தில் கையால் பொறுக்கலாம். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே விழுந்து 1.2 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறித்த விண்கல்லின் துண்டுகள்தாம் கேன்யன் டையாப்ளோ என்ற பெயரில் அறியப்படுபவை.

பேட்டர்சனின் கணக்கு ஆரம்பத்திலேயே முரண்டு பிடித்தது. ஒரே பாறையின் மணிகளில் யுரேனியத்தை அளந்த ஜார்ஜ் டில்டனுக்கு எண்கள் ஒழுங்காக வந்தன. பேட்டர்சனுக்கு வந்த காரீயத்தின் அளவோ இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். மறுபடி அளந்தார், வேறு ஓர் அளவு, அதுவும் அதிகம். மணியை எடுத்துவிட்டு வெறும் பாத்திரத்தை அளந்தாலும் காரீயம் இருந்தது. தண்ணீரில், அமிலத்தில், கண்ணாடியில், மேசையில், சுவர்ப் பூச்சில், அவருடைய தலைமுடியில், காற்றில் என்று எங்கும் காரீயம்.

வேறொருவர் என்றால் கருவியைக் குறைசொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார். இவர் துடைக்கத் தொடங்கினார். பாத்திரங்களை அமிலத்தில் காய்ச்சினார், வேதிப்பொருள்களைத் தானே திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தப்படுத்தினார், தரையைக் கையால் தேய்த்துக் கழுவினார். 1952-ல் கலிஃபோர்னியாவின் கால்டெக்குக்குப் போனபோது வடிகட்டிய காற்று மட்டுமே உள்ளே வரும் ஓர் ஆய்வகத்தை அமைத்தார். வெளிக்காற்று புகாதபடி உள்ளே காற்றழுத்தம் கூடுதலாக இருக்கும். உள்ளே வருபவர்கள் உடலை முழுக்க மூடிக்கொள்ள வேண்டும். உலகின் மிகத் தூய்மையான அறைகளில் ஒன்றாக அது இருந்தது. இத்தனையும் தூசளவு கல்லுக்குள்ளிருந்து ஒரு சன்னமான குரலைக் கேட்பதற்காக. திருவிழாக் கூட்டத்து இரைச்சலில் கைக்குழந்தையின் மூச்சைக் கேட்பதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

1953-ல் கேன்யன் டையாப்ளோவிலிருந்து பிரித்தெடுத்த காரீயத்தை ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் நிறை நிறமாலைமானியில் அளந்தார். அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி அது. 1956-ல் முழுக் கணக்கும் வெளியானது. மூன்று கல் விண்கற்கள், இரண்டு இரும்பு விண்கற்கள். ஐந்தின் காரீயக் கலவையையும் வரைபடத்தில் குறித்தால் ஒரே நேர்கோட்டில் நின்றன. கோட்டின் சாய்வு வயதைச் சொன்னது. பசிபிக் கடலடி வண்டலை பூமியின் சராசரிக் காரீயமாக எடுத்துக்கொண்டு குறித்தபோது, அந்தப் புள்ளியும் அதே கோட்டில் வந்து உட்கார்ந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவை. வயது 455 கோடி ஆண்டுகள், ஏழு கோடி முன்னே பின்னே இருக்கலாம். எழுபது ஆண்டுகள் கழித்து இன்றைய கருவிகள் சொல்வது 454 கோடி.

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் அவர் பெயர் பாடநூலில் ஒரு வரியாக நின்றிருக்கும். ஆனால் ஆய்வகத்தைக் கழுவிய ஆண்டுகள் அவர் மனத்தில் ஒரு கேள்வியை விட்டுவிட்டன. இவ்வளவு காரீயமும் எங்கிருந்து வந்தது?

கடலில் தேடினார். மேற்பரப்பு நீரில் காரீயம் அதிகம், ஆழத்து நீரில் குறைவு. ஆழ்கடல் நீர் மேலே வந்து கலக்கப் பல நூற்றாண்டுகள் ஆகும். ஆகவே மேலே உள்ளது அண்மையில் வானத்திலிருந்து விழுந்த சரக்கு. பிறகு பனியில் தேடினார். கிரீன்லாந்தில் ஆண்டுதோறும் விழும் பனி, முந்தைய ஆண்டுப் பனியின் மேல் படிந்து அடுக்கடுக்காக இறுகுகிறது. ஒவ்வோர் அடுக்கும் அந்த ஆண்டின் காற்றைச் சிறைபிடித்து வைத்திருக்கிறது. அமிலத்தில் கழுவிய கருவிகளால், பிளாஸ்டிக் உடையணிந்து, பழைய பனிக்கட்டிகளை வெட்டியெடுத்தார்கள். முரோசுமி, சோ என்ற சக ஆய்வாளர்கள் இருவரோடும் சேர்ந்து 1969-ல் அவர் வெளியிட்ட முடிவு இது: கி.மு. 800-ஐ ஒட்டிய பனியோடு ஒப்பிட்டால் 1965-ன் பனியில் காரீயம் இருநூறு மடங்குக்கு மேல். தொழிற்புரட்சிக் காலத்தில் ஏறத் தொடங்கிய அளவு, 1940-க்குப் பிறகு செங்குத்தாக ஏறியிருந்தது.

பிற்காலத்தில், 1994-ல் அவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் பழைய புகையைக் கண்டது. ரோமானியப் பேரரசின் காலத்துப் பனியிலும் காரீயம் கூடியிருந்தது. அன்று வெள்ளியைப் பெரும்பாலும் காரீயத் தாதிலிருந்துதான் பிரித்தார்கள். தாதை உருக்கி, காரீயத்தை ஊதி எரித்து நீக்கினால் வெள்ளி மிஞ்சும். கொங்கு நாட்டில் மண்ணைத் தோண்டும்போது பானை பானையாகக் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக்காசுகளை நான் இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன். காசு மிளகுக்கும் நீலப்பச்சைக் கல்லுக்கும் விலையாக இங்கே வந்தது. அப்படிப்பட்ட உலைகளின் புகை கிரீன்லாந்தில் போய்ப் படிந்தது.

1940-க்குப் பிந்தைய ஏற்றத்துக்குக் காரணம் வேறு. 1921 டிசம்பரில் அமெரிக்காவின் டேடன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் காரீயம் என்ற திரவத்தைச் சிறிதளவு பெட்ரோலில் கலந்தால் இன்ஜின் தட்டும் சத்தம் நின்றுவிடுவதைக் கண்டார். 1923-ல் விற்பனைக்கு வந்தது. 'எத்தில்' என்று பெயர் வைத்தார்கள். காரீயம் என்ற சொல் விளம்பரத்தில் இல்லை. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி, வலிப்பு வந்து, ஐந்து பேர் இறந்தார்கள். தொழில்நோய் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1925-லேயே எதிர்த்துப் பேசினார். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த ஐம்பது ஆண்டுகள் உலகத்தின் புகைக்குழாய்கள் எல்லாம் காரீயத்தைத் தூவின.

தொழில்துறையின் பக்கம் நின்ற ராபர்ட் கீஹோ என்ற மருத்துவ ஆய்வாளரின் வாதம் பல பத்தாண்டுகள் செல்லுபடியானது. எல்லா மனிதர் உடலிலும் காரீயம் கொஞ்சம் இருக்கிறது, ஆகவே அது இயற்கை, ஒரு வரம்பைத் தாண்டினால்தான் தீங்கு என்றார் அவர். இந்த வாதத்தின் ஓட்டையைப் பார்க்க, தூய்மை என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். 1965-ல் பேட்டர்சன் எழுதிய கட்டுரை ஒரே ஒரு வேறுபாட்டின் மேல் நின்றது: எங்கும் காணப்படுவது ஒன்று, இயல்பானது வேறொன்று. கீஹோ ஒப்பிட்ட மனிதர்கள் எல்லாருமே ஏற்கெனவே நஞ்சேறியவர்கள். பூமியின் பாறையிலும் நீரிலும் காரீயம் இயல்பாக எவ்வளவு என்று கணக்கிட்டால், அமெரிக்கர்களின் ரத்தத்தில் இருப்பது சுமார் நூறு மடங்கு அதிகம் என்று காட்டினார். பிற்பாடு பெருவில் பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்த எலும்புகளை ஆராய்ந்தபோது, இடைவெளி அதைவிடவும் பெரிதென்று தெரிந்தது.

அதற்கு அவர் கொடுத்த விலை சிறிதல்ல. எண்ணெய்த் தொழிலின் நிதி நின்றது, அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஒப்பந்தம் போனது. 1971-ல் காற்றிலுள்ள காரீயம் குறித்து ஆராய அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் குழு அமைத்தபோது, அந்தப் பொருளில் உலகிலேயே மிக நன்றாக அளக்கத் தெரிந்தவருக்கு அதில் இடமில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. கோள் ஒன்றின் வயதைப் பற்றி அவர் சொன்னதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அதே கையால், அதே கருவியால், அதே உலோகத்தைப் பற்றி அவர் சொன்ன இன்னொன்றை மட்டும் பல ஆண்டுகள் ஏற்க மறுத்தார்கள்.

உடலுக்குள் போன காரீயம் சுண்ணாம்புச் சத்தின் வேடம் போட்டுக்கொள்கிறது. எலும்பு அதைக் கால்சியம் என்று நினைத்துச் சேர்த்து வைக்கும், பல பத்தாண்டுகள் விடாது. பெண் கருவுற்றிருக்கும்போது குழந்தைக்காக எலும்பு கரைந்து கால்சியம் கொடுக்கும். கூடவே பழைய காரீயமும் கருவுக்குப் போகும். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறார்கள். மூளை வளரும் வயதில் அது அங்கே போய்க் குழப்புகிறது. 'இதற்குக் கீழே பாதுகாப்பு' என்று சொல்லும்படியான அளவு எதுவும் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

பெட்ரோலிலிருந்து காரீயம் மெல்ல விலகியது. 1976-80-ல் அமெரிக்காவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சராசரியாக 15 மைக்ரோகிராம் இருந்தது, இப்போது ஒன்றுக்கும் கீழே. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் காரீயமற்ற பெட்ரோல் வந்தது, 2000 பிப்ரவரியில் நாடு முழுதும். கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. முதல் லிட்டர் விற்று 98 ஆண்டுகள் ஆகியிருந்தன. பேட்டர்சன் 1995 டிசம்பரில் காலமானார். அமெரிக்காவின் சாலைகளில் முழுத்தடை நடைமுறைக்கு வர அப்போது ஒரு மாதம்கூட இல்லை.

தூவப்பட்டது தூவப்பட்டதுதான். காரீயம் மக்காது, எரிந்து போகாது. பாறையிலிருந்து பிரித்து உலகெங்கும் இறைத்த சரக்கை மறுபடி நரம்பாகச் சேர்த்துப் பாறைக்குள் வைக்கப் பூமிக்குப் பல கோடி ஆண்டுகள் தேவைப்படும். மாசு என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், தெளிந்த பானையைத் தட்டிவிடுவது என்றே சொல்வேன். நிலக்கரியும் பாதரசமும்கூட இப்படிப் பூமி ஒதுக்கி வைத்து நாம் கிளறியவைதாம்.

கிளறுவது நிற்கவுமில்லை. இன்று தோண்டும் காரீயத்தில் பெரும்பகுதி பேட்டரிக்குப் போகிறது: இன்வெர்ட்டர், ஆட்டோ, லாரி என்று எல்லாவற்றின் அடியிலும் அது உண்டு. ஆயுள் முடிந்த பேட்டரியை ஒழுங்கான ஆலையில் கொடுத்தால் காரீயம் கிட்டத்தட்ட முழுக்கத் திரும்பக் கிடைக்கும். ஊர்ப்புறப் பட்டறையில் சம்மட்டியால் உடைத்து, அமிலத்தைத் தரையில் கொட்டி, திறந்த அடுப்பில் உருக்கினால், சுற்றியுள்ள மண் தலைமுறை தலைமுறையாக நஞ்சாக நிற்கும். குழந்தைகள் விளையாடுவது அந்த மண்ணில்தான். உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, ஏறக்குறைய 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருக்கலாம் என்று யுனிசெஃப் 2020-ல் கணக்கிட்டது.

வங்கதேசத்துக் கிராமங்களில் கருவுற்ற பெண்களின் ரத்தத்தில் காரீயம் கூடியிருந்தபோது யாருக்கும் காரணம் புரியவில்லை. அங்கே பேட்டரிப் பட்டறை இல்லை, பெட்ரோலில் காரீயம் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. துப்பைத் தந்தது காரீயமே: ஒவ்வொரு சுரங்கத்தின் காரீயத்திலும் 206-க்கும் 207-க்கும் உள்ள விகிதம் வேறு. அந்தத் தாது எந்தக் காலத்தில் பாறையாக உறைந்ததோ அதற்கேற்பக் கடிகாரம் அங்கே நின்றிருக்கும். பெண்களின் ரத்தத்திலிருந்த விகிதத்தை மண், பானை, அரிசி, மசாலா என்று ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மஞ்சள்தூளோடு பொருந்தியது. மங்கிய மஞ்சள் கிழங்கைப் பளபளப்பாக்க, பெயின்டுக்குப் பயன்படும் காரீய குரோமேட்டை அரைக்கும் ஆலைகளில் கலந்திருந்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. செய்தித்தாள்களில் எச்சரிக்கை வந்தது, சந்தையில் சோதனை நடந்தது, கலப்படம் செய்த வியாபாரிகளுக்கு அபராதம் விழுந்தது. அந்த ஆண்டு சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் கிட்டத்தட்டப் பாதியில் காரீயம் இருந்தது. 2021-ல் எடுத்தவற்றில் ஒன்றிலும் இல்லை. மஞ்சள் அரைக்கும் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் காரீயம் குறைந்திருந்தது.